ஒளிரும் ஜாடி இருட்டில் ஒளிரவே இல்லை, எங்கே தப்பு?

இரவுவானம்
வணக்கம். லீவுக்குப் பிள்ளைகளோட சேர்ந்து ரெண்டு ஜாடி செஞ்சோம், ரெண்டும் சொதப்பிருச்சு. பொண்ணுக்கு 7 வயசு, பையனுக்கு 4. லைட்டை அணைச்சுட்டு ரெண்டு பேரும் போர்வைக்குள்ள உட்கார்ந்து காத்துக்கிட்டே இருந்தாங்க. ஒண்ணும் தெரியலைன்னதும் பொண்ணு முகம் வாடிப்போச்சு. அதான் கேட்கிறேன்.

முதல் ஜாடி: மஞ்சள் ஹைலைட்டர் பேனாவைப் பிரிச்சு, உள்ளே இருக்கிற பஞ்சுத் தண்டைத் தண்ணியில ஊறவெச்சோம். பகல்ல கண்ணைப் பறிக்கிற மஞ்சப்பச்சை. இருட்டில சுத்தமா ஒண்ணுமில்லை.

ரெண்டாவது: இருட்டில் ஒளிரும் பொடியைப் பிள்ளைங்க காகிதம் ஒட்டுற வெள்ளைப் பசையில கலந்து, ஜாடிக்குள்ள புள்ளி புள்ளியா வெச்சோம். முதல் ராத்திரி சுமாராத் தெரிஞ்சது. மீதிக் கலவையை மூடி வெச்சு மூணாவது நாள் திறந்தா, அடியில கட்டி கட்டியா இறுகிக் கிடக்கு. ஸ்டீல் ஸ்பூனால நல்லா நசுக்கிக் குழைச்சுப் பூசினேன். சாம்பல் நிறத்தில வந்தது, ஒளி இல்லை. விளக்குப் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் வெச்சும் பார்த்தாச்சு.

அடுத்ததா, குளோ ஸ்டிக்கை வெட்டி அந்தத் திரவத்தை ஜாடியில ஊத்துற மாதிரி ஒரு வீடியோ பார்த்தேன். அதைச் செய்யலாமா?

மூணு வாண்டுகளின் அப்பா
மத்ததுக்கெல்லாம் விஷயம் தெரிஞ்சவங்க பதில் சொல்வாங்க. நான் கடைசிக் கேள்விக்கு மட்டும் அவசரமா வர்றேன். வெட்டாதீங்க. அந்தக் குச்சிக்குள்ள மெல்லிசா ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கு. வளைக்கும்போது 'டக்'னு கேக்குதே, அது அந்தக் குழாய் உடையிற சத்தம்தான். குழாய்க்குள்ள இருக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு வெளியே இருக்கிற ரசாயனத்தோட கலந்துதான் வெளிச்சம் வருது. வெட்டினா திரவத்தோட கண்ணாடித் துணுக்கும் வரும். அந்தக் கையால பிள்ளை கண்ணைத் தேய்ச்சா எரிச்சல் தாங்காது.

ஜாடிதான் வேணும்னா, உள்பக்கம் டிரேசிங் பேப்பரைச் சுருட்டி வெச்சு, குச்சியை முழுசா உள்ளே போடுங்க. ஒளி பரவி ஜாடி முழுக்க நிறைஞ்ச மாதிரி தெரியும். சூடு பட்டா பளிச்சுனு எரிஞ்சு சீக்கிரம் தீர்ந்துடும், ஃப்ரீசர்ல வெச்சா ரொம்ப நேரம் தாங்கும். தீர்ந்தது தீர்ந்ததுதான், வெளிச்சத்தில காட்டி மறுபடி ஏத்த முடியாது.

அறிவியல் டீச்சர்
இரவுவானம், உங்க முதல் ஜாடியில எந்தத் தப்பும் இல்லை. அது வேற ஜாதி ஒளி, அவ்வளவுதான். ஹைலைட்டர் மைக்கு ஒளியைச் சேமிச்சு வைக்கத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி அதன் மேல படுற வரைக்கும் அதை வாங்கிப் பச்சையா, மஞ்சளாத் திருப்பிக் கொடுக்கும். ஒளி நின்ன அந்தக் கணமே அதுவும் நின்னுடும். பகல்ல கண்ணைப் பறிச்சதுன்னு சொன்னீங்களே, வெயில்ல புற ஊதா இருக்கிறதாலதான். பொடி அப்படி இல்லை. வாங்கின ஒளியை உள்ளேயே பிடிச்சு வெச்சுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா விடும்.

புற ஊதா டார்ச் ஒண்ணு இருந்தா அந்த ஜாடி இருட்டில பச்சைத் தீ மாதிரி தெரியும். 395 நானோமீட்டர் டார்ச்சில ஊதா வெளிச்சமும் சேர்ந்து வரும், ஒளிர்வைக் கொஞ்சம் மறைக்கும். 365 இன்னும் தெளிவாக் காட்டும். ஆனா அது கண்ணுக்கு அவ்வளவா வெளிச்சமாத் தெரியாததால பிள்ளைங்க கண் கூசாம நேரா பார்த்துடுவாங்க. அதனால எந்த டார்ச்சா இருந்தாலும் உங்க கையில மட்டும் இருக்கட்டும். ஜாடியை வெயில்ல வைக்காதீங்க, சாயம் வெளுத்துடும். நீல ஹைலைட்டர் வாங்கிடாதீங்க, பலது ஒளிர்றதே இல்லை.

தூரிகை
பொடி விஷயம் நான் பார்க்கிறேன். ரெண்டு கேள்வி. பாக்கெட்ல தண்ணி தாங்கும்னு ஏதாவது போட்டிருக்கா? நீங்க சொன்ன விளக்கு என்ன விளக்கு?

இரவுவானம்
டீச்சர், ரொம்ப நன்றி. ஜாடியைக் கீழே ஊத்த இருந்தேன். மூணு வாண்டுகளின் அப்பா, உங்களுக்கும். குச்சியை அப்படியே எடுத்து உள்ளே வெச்சுட்டேன், வெட்ட மாட்டேன்.

பாக்கெட்ல 'ஒளிரும் பொடி, பச்சை'ன்னு மட்டும்தான் இருக்கு. விளக்கு பழைய மஞ்சள் குண்டு பல்பு.

தூரிகை
அப்போ மூணு இடத்தில அடி வாங்கியிருக்கு.

முதல்ல தண்ணி. இப்போ வர்ற நல்ல பொடி பெரும்பாலும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட். 1990கள்ல ஜப்பான்ல வந்தது. அதுக்கு முன்னாடி இருந்த துத்தநாக சல்பைடு சில நிமிஷத்திலேயே மங்கிடும், இது மணிக்கணக்கில நிக்கும். ஆனா மேல்பூச்சு இல்லாத ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டுக்குத் தண்ணி ஆகாது. ஈரத்தில மெல்லச் சிதைஞ்சு, காரத்தன்மை ஏறி, இறுகிப்போகும். வெள்ளைப் பசையில பாதி தண்ணிதானே. மூணு நாள் அதிலேயே ஊறியிருக்கு. அந்தக் கட்டியை இனி எதுவும் செய்ய முடியாது, தூக்கிப் போட்டுடுங்க. பிள்ளைங்க வெறுங்கையால அதைப் பிசைய வேண்டாம்.

அடுத்தது ஸ்பூன். இந்தப் பொடி ரொம்பக் கடினமானது, ஸ்டீலையே சுரண்டிடும். நீங்க பார்த்த சாம்பல் நிறம் அந்த ஸ்பூனோட உலோகம்தான். நசுக்கினதும் தப்பு. பருமனான துகள்தான் நல்லா ஒளிரும், அரைக்க அரைக்க மங்கும்.

மூணாவது, குண்டு பல்பு. மஞ்சள் வெளிச்சத்தில நீலமும் ஊதாவும் ரொம்பக் கம்மி. பொடிக்கு வேண்டியது அந்த ரெண்டும்தான். மணிக்கணக்கா வைக்கிறதுக்குப் பதிலா அஞ்சு நிமிஷம் வெயில்ல காட்டுங்க. ராத்திரின்னா ஃபோன் டார்ச்சை ஒட்டிப் பிடிச்சு ஒரு நிமிஷம்.

நீர் தாங்கும் மேல்பூச்சு உள்ள பொடின்னு கேட்டு வாங்குங்க. நான் ஒரு கரண்டி பொடிக்கு மூணு கரண்டி பசை போடுவேன், ஐஸ்கிரீம் குச்சியால மெதுவாக் கிளறுவேன். பொடி கனமானது, நிமிஷத்தில அடியில தங்கிடும், அதனால தூரிகை தொடும்போதெல்லாம் ஒரு கிளறு. அன்னைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்க. பொடியைக் கொட்டுற வேலை உங்களுது, தூசியைப் பிள்ளைங்க மூச்சில இழுத்துடக் கூடாது. அட்டையில செய்றதா இருந்தா முதல்ல வெள்ளை பெயிண்ட் ஒரு பூச்சு, காய்ஞ்ச பிறகு ரெண்டு மூணு மெல்லிய பூச்சா இது. பின்பக்கம் போற ஒளியை வெள்ளை திருப்பி அனுப்பும். கறுப்பு அட்டை பாதியை விழுங்கிடும்.

இன்னொண்ணு, லைட்டை அணைச்ச உடனே முடிவு கட்டாதீங்க. கண்ணு இருட்டுக்குப் பழக பத்து நிமிஷமாவது ஆகும். ஃபோனை எடுத்துப் பார்த்தா மறுபடி முதல்ல இருந்து.

மூணு வாண்டுகளின் அப்பா
பூசின அட்டை மேல ஒரு சாவியை வெச்சு ஃபோன் டார்ச்சை அடிச்சுப் பாருங்க. சாவியை எடுத்தா அதோட நிழல் மட்டும் கறுப்பா அட்டையிலேயே நிக்கும். என் சின்னவன் தன் கையை வெச்சுட்டு, கையை எடுத்த பிறகும் நிழல் போகலைன்னு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

இரவுவானம்
இன்னும் ஒண்ணே ஒண்ணு. ஜாடிக்குள்ள பட்டன் பேட்டரி போட்ட குட்டி எல்.இ.டி. விளக்கு வைக்கலாமா? பையன் எதையும் வாயில வைக்கிற ஆள்.

அறிவியல் டீச்சர்
அப்படின்னா வேண்டாம்ங்க. திருகாணி போட்டு மூடின பெட்டியா இருந்தா மட்டும் யோசிங்க. விழுங்கின பட்டன் பேட்டரி உணவுக்குழாயில மாட்டினா ரெண்டு மணி நேரத்துக்குள்ளேயே சுட்டுப் புண்ணாக்கிடும். வெளியில எதுவும் தெரியாமலும் இருக்கலாம். சந்தேகம் வந்தாலே காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். தீர்ந்துபோன பேட்டரியும் அதே ஆபத்துதான், டேப் சுத்தி எட்டாத இடத்தில வைங்க.

இரவுவானம்
பத்து நாள் கழிச்சு எழுதறேன். பட்டன் பேட்டரி விளக்கை வாங்கவே இல்லை. மேல்பூச்சு உள்ள பொடி கிடைச்சது. இந்தத் தடவை ஜாடி இல்லாம அட்டையில 12 நட்சத்திரம் வெட்டி, வெள்ளை அடிச்சு, மூணு பூச்சு பூசினோம். சாயங்கால வெயில்ல ஜன்னல் ஓரம் காய வெச்சு, ராத்திரி கூரையில ஒட்டினோம். அணைச்சதும் ரெண்டு பேரும் கத்தின கத்துல பக்கத்து அறையில இருந்து இவரே ஓடி வந்துட்டார். நடுராத்திரி எழுந்தப்போ நான் மட்டும் பார்த்தேன், மங்கலா இருந்தாலும் எண்ண முடிஞ்சது.

பொண்ணு சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை டார்ச்சில சுத்தி அடிச்சுப் பார்த்தா. எவ்வளவு நேரம் அடிச்சாலும் ஏறவே இல்லை. 'சிவப்புக்குப் பலம் பத்தலை'ன்னா. சரிதானே டீச்சர்?

ஒரே ஒரு நட்சத்திரம் மட்டும் மத்ததை விட மங்கலா இருந்தது. பொடி தீர்ந்துடுச்சோன்னு நான் நினைச்சேன். அவதான் நாற்காலி போட்டு ஏறி, ஓரத்தை நகத்தால கிள்ளிப் பார்த்துட்டுச் சொன்னா: 'அம்மா, இதுக்கு அடியில வெள்ளை அடிக்க மறந்துட்டோம்.'

அறிவியல் டீச்சர்
நூத்துக்கு நூறு சரி. சிவப்பு ஒளித்துகளுக்கு ஆற்றல் கம்மி, எத்தனை சேர்ந்தாலும் பொடியைத் தூண்ட முடியாது. அதே காகிதத்தை நீலத்தில வாங்கிக் கொடுத்து மறுபடி செய்யச் சொல்லுங்க.