எக்ஸ்பிரஷனிசம்: மெய்ப்பாட்டியமா, வெளிப்பாட்டியமா?

> தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? எக்ஸ்பிரஷனிசத்தை மெய்ப்பாட்டியம் என்றே வைக்கலாமே.

வணக்கம் ஐயா,

எக்ஸ்பிரஷனிசம் என்பது உள்ளத்து உணர்வுக்கு ஏற்ப வெளியுலகின் உருவையே திரித்துக் காட்டும் கலைப்போக்கு. நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு மெய்ப்பாட்டியம் என்ற சொல் அழகுதான், ஆனால் பொருள் இடிக்கிறது. உள்ளத்து உணர்வு உடம்பில் தெரிவது மெய்ப்பாடு. கண்ணீரோ மெய்சிலிர்ப்போ காட்டிக்கொடுக்க, பார்ப்பவர் அறிந்துகொள்கிறார். நார்வே ஓவியர் மூங்க் 1893இல் தீட்டிய 'அலறல்' ஓவியத்தில் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அது பொருந்தும். ஆனால் வானமும் நீரும் அல்லவா சேர்ந்து நெளிகின்றன! 1920இல் வந்த 'டாக்டர் கலிகரி' படத்தில் இது இன்னும் வெளிப்படை. வீடுகள் சாய்ந்து நிற்கின்றன, சன்னல்கள் கோணல்மாணல், நிழல்களைக்கூட அரங்கத் திரைகளில் சாயம் கொண்டு தீட்டிவிட்டார்கள். வீட்டுக்கும் நிழலுக்கும் மெய் ஏது, மெய்ப்பாடு வர?

உணர்ச்சிவாதம் என்ற முன்மொழிவும் எனக்கு ஒப்பவில்லை. கேட்டவுடன் யாரோ உணர்ச்சிவசப்படுகிறார் என்றுதான் தோன்றும். ஜெர்மன் நாடகாசிரியர் கெயோர்க் கைசரின் 'காலை முதல் நள்ளிரவு வரை' நாடகத்தின் நாயகனுக்குப் பெயர்கூடக் கிடையாது, வெறும் 'காசாளர்'. பேச்சும் தந்தி வாசகம் மாதிரி நறுக்கு நறுக்கென்று போகும். அங்கே கசிந்துருகுவதற்கு இடமே இல்லை.

எனவே நான் வெளிப்பாட்டியம் பக்கம். 'எந்தக் கலைதான் வெளிப்பாடு இல்லை?' என்று சென்ற மடலில் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. ஜெர்மன் சொல்லுக்கும் இதே குறை உண்டு. இம்ப்ரெஷனிசத்துக்கு எதிர்நிலையாக வைத்துப் பார்த்ததால்தான் அதற்குக் கூர்மை வந்தது. வெளியே விழும் ஒளியைக் கண் வாங்கிப் பதிவது இம்ப்ரெஷனிசம். உள்ளே இருப்பதை வெளியுலகின் மேல் ஏற்றி, அதன் உருவையே திரிப்பது எக்ஸ்பிரஷனிசம். பட்டியலில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் குழப்பம் குறையும்.

இன்னொன்று, சொல் ஓவியத்தோடு நின்றுவிடக் கூடாது. இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் 'எர்வார்ட்டுங்' (எதிர்பார்ப்பு) 1909இல் எழுதிய ஓரங்க இசைநாடகம். இரவில் காட்டுக்குள் காதலனைத் தேடும் ஒரே ஒரு பெண். அரைமணி நேர இசையில் மெட்டு என்று பிடித்துக்கொள்ள எதுவும் திரும்பி வராது. அதே மனிதரின் ஓவியங்கள் 1911இல் மியூனிக்கில், ஓவியர் காண்டின்ஸ்கியின் 'நீலக் குதிரைவீரன்' குழுவின் முதல் கண்காட்சியில் தொங்கின. போட்ஸ்டாமில் கட்டடக் கலைஞர் எரிக் மெண்டல்சோன் கட்டிய ஐன்ஸ்டைன் கோபுரத்தையும் இந்த வகையில்தான் சேர்க்கிறார்கள். 'வெளிப்பாட்டிய இசை', 'வெளிப்பாட்டியக் கட்டடம்' இரண்டும் வாயில் நிற்கின்றன. பிற்கால நியூயார்க் ஓவியர்களுக்கு 'அரூப வெளிப்பாட்டியம்' என்று ஒட்டவும் முடிகிறது.

சொல்லின் ஈறு 'வாதம்' ஆகவா 'இயம்' ஆகவா என்பதில் நான் இயம். டிரெஸ்டனில் 1905இல் கட்டடக்கலை மாணவர்கள் தொடங்கிய 'பாலம்' ஓவியர் குழுவுக்கும் மியூனிக்கின் 'நீலக் குதிரைவீரன்' குழுவுக்கும் பொதுவான அறிக்கை எதுவும் இல்லை. அப்புறம் வாதிப்பது எதை?

எதிர்ப்பு இல்லையென்றால் வெளிப்பாட்டியம், வெளிப்பாட்டியர் என்று பட்டியலில் ஏற்றிவிடலாம். இம்ப்ரெஷனிசத்துக்கு மட்டும் வெறும் 'பதிவியம்' வேண்டாம். இணையத்தில் வலைப்பதிவுக் கொள்கை என்று எடுத்துக்கொள்வார்கள். மனப்பதிவியம் சரிவருமா, அல்லது ஒளியைச் சேர்த்து வேறு சொல் பார்க்கலாமா?