புதுப்பிப்பு: மகள் சாப்பிட மறுப்பதாக எழுதியிருந்தேன், 5 மாதம் ஆகிவிட்டது

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி எலும்பும் தோலுமாகிவிட்டாள், மாதவிலக்கும் நின்றுவிட்டது, கோபிசெட்டிபாளையத்திலிருந்து எங்கே போய்க் காட்டுவது என்று ஐப்பசியில் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

கோவையில் மனநல மருத்துவர் அனோரெக்சியா என்றார்; எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் மனநோய். பட்டினி கிடந்த உடம்புக்குச் சாப்பாட்டைத் திடீரென்று ஏற்றினால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பின் அளவு இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் முதல் வாரம் மருத்துவமனையில் இருந்தோம்.

அப்புறம் குடும்பம் சார்ந்த சிகிச்சை. 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறை, மூன்று கட்டம். முதலில் என்ன, எவ்வளவு என்பதைப் பெற்றோரே முடிவு செய்ய வேண்டும். எடை தேறத் தேற அந்தப் பொறுப்பு மெல்ல அவள் கைக்குப் போகும். கேட்க எளிது. ஒரு தட்டு அரிசியும் பருப்பும் சேர்த்த சோற்றுக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். அழுவாள், தட்டைத் தள்ளுவாள். "நோய் வேறு, உங்கள் பெண் வேறு" என்று மருத்துவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் நானும் என் கணவரும் நின்றோம். அமுச்சி (அவளுடைய பாட்டி) பாசத்தில் "மொகம் தெளிஞ்சிருச்சு கண்ணு" என்பார்கள்; அது அவள் காதில் "குண்டாகிவிட்டாய்" என்று விழும், அன்று ராத்திரி அவள் சாப்பிட மாட்டாள். தோற்றத்தைப் பற்றிய பேச்சே வீட்டில் வேண்டாம் என்று கெஞ்சி நிறுத்தினோம்.

இப்போது இரண்டாம் கட்டம். சாயங்காலப் பலகாரத்தை அவளே எடுத்துக்கொள்கிறாள்.

தங்கை சாப்பிட்டதும் வாந்தியெடுப்பதாக எழுதிய சகோதரிக்கு: அது புலிமியாவாக (அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு, எடை கூடக்கூடாதென்று வாந்தியெடுப்பது போன்ற வழிகளில் ஈடுகட்டும் நோய்) இருக்கலாம். பெரியவர்களுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (பேசிப் பேசி எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் முறை, CBT) உண்டு, வழக்கமாக 20 வாரம். அடிக்கடி வாந்தியெடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையலாம், அதனால் பொட்டாசியம் பரிசோதனையை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.