மறு: ‘வாடகைத் தாய்’க்கு மாற்றுச் சொல் – சுமப்புத்தாய்?

வணக்கம். வேறொரு தம்பதிக்காகக் கருவைச் சுமந்து பெற்றுக் கொடுக்கும் பெண்ணை ‘வாடகைத் தாய்’ என்பதற்குப் பதில் என்னவென்று அழைக்கலாம் என்ற நம் குழு விவாதத்துக்கு என் பதில் இது.

> ‘பதிலித்தாய்’ துல்லியமாக இருக்கிறது. இதற்கு மேல் விவாதம் எதற்கு?

துல்லியம்தான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சொல்லை முதலில் படிக்கப்போவது நாம் இல்லையே. 2021ஆம் ஆண்டின் சரகசி (வாடகைத் தாய் முறை) சட்டம், 6ஆம் பிரிவில், சுமக்கப்போகிற பெண்ணுக்கு நடக்கவிருப்பதை எல்லாம் விளக்கி, அவருக்குப் புரியும் மொழியில் எழுத்துமூலம் சம்மதம் வாங்கச் சொல்கிறது. அந்தப் படிவத்தில் அவர் தன்னை என்னவென்று படிக்கிறாரோ, அதுதான் நாம் தேடும் கலைச்சொல்.

நான் வழக்கறிஞர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்துப் பிழைப்பவன். போன ஆடியில் அப்படி ஒரு படிவத்தைத் தமிழாக்கி, கையெழுத்துப் போடவேண்டிய பெண்ணிடம் வாசித்துக் காட்டினேன். ‘பதிலித்தாயாகிய நான்’ என்று தொடங்கியதும் நிறுத்தினார். “யாருக்குப் பதில் சார்?” குழந்தை வேண்டிய நாத்தனார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் சுற்றி வளைத்து விளக்கினேன். “அப்ப, சுமந்து குடுக்கறவன்னு எழுதிட்டுப் போறதுதானே?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

மற்ற முன்மொழிவுகளையும் அவர் காதால் கேட்டுப் பார்க்கிறேன். ‘மாற்றுத்தாய்’ என்றால் மாற்றாந்தாய்தான் நினைவுக்கு வரும். ‘செவிலித்தாய்’ அகப்பாட்டில் அழகு. ஆஸ்பத்திரியில் சொன்னால் நர்சம்மா திரும்பிப் பார்ப்பார். ‘சூல்தாய்’ எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் பள்ளித் தாவரவியலில் சூல் என்பது பூவின் சூற்பைக்குள் இருப்பது. பத்தாம் வகுப்புப் படித்தவருக்கு அது முட்டை கொடுத்தவரைக் குறிப்பதாகத் தோன்றும். நம் சட்டப்படி, சுமப்பவர் தன் சொந்த முட்டையைக் கொடுக்கக் கூடாது. ஆக, சொல்லே தடைசெய்ததைச் சொல்லிவிடும்.

‘கருத்தாங்கி’ வேண்டவே வேண்டாம். சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல்லை யார் நினைவாக நடுவார்கள்? வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக. நம் கிராமத்துப் பாட்டிகளுக்கு அது இன்னும் மறக்கவில்லை.

> பெற்ற தாய் என்றே சொல்லலாமே, அவர்தானே பெறுகிறார்?

இங்கேதான் சொல் சட்டத்தோடு மோதுகிறது. பிரிட்டனில் பிரசவித்தவர்தான் சட்டப்படி தாய். நீதிமன்றம் பெற்றோர் ஆணை கொடுத்த பிறகே அது மாறும். அங்கே ‘பெற்ற தாய்’ சரி. இங்கே 8ஆம் பிரிவு, பிறக்கும் குழந்தையைக் குழந்தை வேண்டிய தம்பதியின் உயிரியல் குழந்தையாகவே கொள்ள வேண்டும் என்கிறது. கவனியுங்கள், ‘உயிரியல்’ என்றே இருக்கிறது. 2024இல் விதியைத் திருத்தி, மருத்துவக் காரணம் இருந்து மாவட்ட மருத்துவக் குழு சான்று தந்தால், தம்பதியில் ஒருவருடைய முட்டைக்கோ விந்தணுவுக்கோ பதில் கொடையாளருடையதைப் பயன்படுத்தலாம் என்றார்கள். அப்போதும் முட்டை கொடுத்தவர் உயிரியல் தாய் அல்ல. ‘உயிரியல் தாய்’ என்ற சொல்லை மரபணுத் தாய்க்கு எழுதிப் பழகியவர்கள் இங்கே கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இந்தச் சட்டம் இல்லாத காலத்தில் என்ன ஆனது என்பதற்கு 2008இல் உச்ச நீதிமன்றம் வரை போன மாஞ்சி குழந்தையின் வழக்கே போதும். குஜராத்தின் ஆனந்தில் பிறந்த குழந்தை. ஏற்பாடு செய்த ஜப்பானியத் தம்பதி பிறப்புக்கு முன்பே விவாகரத்து ஆகிவிட்டது. முட்டை வேறொரு பெண்ணுடையது, சுமந்தவர் இன்னொருவர். மூன்று பெண்கள் இருந்தும் தாய் யார் என்று சொல்ல ஆள் இல்லை. இன்று முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடம் முன்கூட்டியே பெற்றோர் யார் என்று ஆணை வாங்கிவிட வேண்டும். அதுவே பிறப்பு ஆவணம். அந்த மனுவில் சுமப்பவரும் கையெழுத்திடுகிறார். அங்கேயும் இந்தச் சொல் வரும்.

சரி, என் முன்மொழிவு. முதலில் ‘சுமதாய்’ என்று வினைத்தொகையாக வைத்தேன். சுமந்த, சுமக்கிற, சுமக்கும் என்று மூன்று காலமும் அடங்கும் என்று எனக்கே ஒரு பெருமிதம். தட்டச்சு செய்த பெண் அதைச் ‘சுமதி’ என்று திருத்திக் கொடுத்ததும் விட்டுவிட்டேன். வளர்ப்புத்தாய் எல்லோருக்கும் தெரியும். அதே வார்ப்பில் சுமப்புத்தாய். சரகசி என்ற முறைக்குக் கருச்சுமப்பு.

‘வாடகை’யைத் தூக்கி எறியவும் வேண்டாம். சட்டம் மருத்துவச் செலவு, காப்பீடு, விதிகளில் சொன்ன பிற செலவுகள் தவிர வேறு பணம் கொடுக்கத் தடை விதிக்கிறது. வணிகமாக நடத்தினால் 10 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தக் குற்றத்துக்கு ‘வாடகைக் கருச்சுமப்பு’ என்ற பெயர் இருக்கட்டும். அனுமதித்ததற்குக் ‘கைம்மாறில்லாக் கருச்சுமப்பு’. நாத்தனாருக்காகச் சம்மதித்த ஒரு பெண்ணை நாளிதழ்கள் இன்றும் வாடகைத் தாய் என்று எழுதுவது, செய்யாத குற்றத்தை அவர் மேல் ஏற்றுவது போல எனக்குப் படுகிறது.

அப்புறம் ‘கருமுட்டை’. 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடமிருந்து முட்டை எடுத்து விற்ற வழக்கில் எல்லா ஏடுகளும் இந்தச் சொல்லையே பயன்படுத்தின. செயற்கைக் கருத்தரிப்புக்கான தனிச் சட்டப்படி, முட்டை கொடுப்பவருக்கு 23 முதல் 35 வயது இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறை, அதிகபட்சம் 7 முட்டைகள். ஏடுகளில் எப்படியோ போகட்டும், ஒப்புதல் படிவத்தில் இந்தச் சொல் ஆபத்து. சுமப்பவர் கருப்பையில் கருவை வைப்பதற்கு முன்புவரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். நான் பார்த்த ஒரு படிவத்தில் ‘கருமுட்டை எடுக்கும் முன்’ என்று இருந்தது. முட்டை எடுப்பது வேறொருவரிடம், வேறொரு நாளில்! அந்தப் பெண்ணின் உரிமை காகிதத்தில் முன்கூட்டியே முடிந்துபோயிருந்தது. முட்டைக்குச் சினைமுட்டை, கலந்த பிறகு கரு என்று பிரித்துவிடலாம். ‘சினை என்றால் மாடு’ என்ற ஆட்சேபம் வரும், தெரியும். வேறு நல்ல சொல் இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

குழந்தை வேண்டிய தம்பதிக்கு ‘வேண்டுபெற்றோர்’ என்று இக்குழுவில் தங்கை ஒருவர் முன்மொழிந்த சொல்லை எடுத்துக்கொள்கிறேன், குறையில்லை.

இப்போதைக்கு என் படிவத்தில் ‘சுமப்புத்தாய் (சுமந்து கொடுப்பவர்)’ என்று போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை வேறொருவர் கையெழுத்துக்கு வருகிறார். அடைப்புக்குறி இல்லாமல் ஒரு முறை வாசித்துக் காட்டிவிட்டு எழுதுகிறேன்.