டெல்லி ஜனவரியில் பொங்காத மாவு

துவாரகாவாசி
ராத்திரி கரைச்சு வெச்ச இட்லி மாவு, காலைல மூடியைத் திறந்தா வெச்ச மட்டத்துலயே நிக்கும். ஒரு குமிழி கிடையாது. டெல்லிக்கு வந்தவங்களுக்கு ஊர் ஞாபகம் முழுசா வர்ற நேரம் அதுதான். மாவு ஒழுங்கா புளிக்க 28, 30 டிகிரியாவது வேணும். இங்க ஜனவரி ராத்திரி வெளியே 6, 7 டிகிரி, ஹீட்டர் இல்லாத அடுப்படி மேடையும் சில்லுனுதான் இருக்கும்.

ஊர்ல 4 அரிசிக்கு 1 உளுந்துன்னா இங்க குளிருக்கு 3க்கு 1. ஒரு ஸ்பூன் வெந்தயம், ஒரு கைப்பிடி அவல். அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணி. பாத்திரத்தை மைக்ரோவேவ் உள்ள வெச்சு, பக்கத்துல ஒரு சொம்பு கொதிநீர் வெச்சுக் கதவைச் சாத்திடணும். சுவிட்சைப் போட்டுடாதீங்க! படுக்கப் போகும்போது சொம்புத் தண்ணியை மாத்தணும். 8 மணி நேரத்துல எதிர்பார்க்காதீங்க, 14லிருந்து 16 ஆகும்.

முனிர்கா அக்கா
எல்லாம் சரி, அரிசியை விட்டுட்டீங்களே. பக்கத்துக் கடைல புழுங்கல் அரிசின்னு கேட்டா 'சேலா'வைத் தூக்கிக் குடுப்பான். புழுங்கல்தான், ஆனா பாஸ்மதி. நீள அரிசி, அதுல இட்லி சரியா வராது. முனிர்காவிலயும் கரோல் பாக்கிலயும் நம்ம ஊர்க் கடைகள்ல இட்லி அரிசின்னே கேட்டு வாங்குங்க. உளுந்து முழு வெள்ளை உளுந்து. உடைச்சதுல மாவு அவ்வளவு காணாது.

புளிக்க வைக்கிற பாக்டீரியா உளுந்துலயே இருக்கு. அதனால ஊறப் போடுறதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை கழுவிட்டு, ஊறின தண்ணியிலயே அரைக்கணும். அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு 'மாவு பொங்கலை'ன்னா எப்படி?

நெல்லைக்காரன்
உப்பைப் பத்தி யாருமே பேசலை. குளிர்ல உப்பு புளிப்பைத் தாமதப்படுத்தும். பொங்கின பிறகு போடுங்க.

மாவுக்கு இவ்வளவு பாடுபடுறதுக்கு ஒரு தடவை ஊருக்கே போய்ட்டு வரலாம். டிக்கெட் விஷயம் சொல்றேன். 2024 நவம்பர் 1லிருந்து ரயில் முன்பதிவு 120 நாள் இல்லை, 60 நாள்தான். பயண நாளைக் கணக்குல சேர்க்கக் கூடாது. போகிக்கு ஊர்ல இருக்கணும்னு ஜனவரி 11 கிளம்பினா, நவம்பர் 12 காலை 8 மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கணும். சென்னைக்குப் போற தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ஜி.டி. (கிராண்ட் டிரங்க்) எக்ஸ்பிரஸ் ரெண்டும் தினசரி. நிஜாமுதீன்ல கிளம்பி கன்னியாகுமரி வரைக்கும் போற திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு ரெண்டே நாள், அதனால தெக்கத்தி ஆளுங்க முந்திக்கணும்.

பனிமூட்டத்தை மறந்துடாதீங்க. சென்னைலேருந்து வர்ற வண்டி லேட்டானா, அதே பெட்டிதான் திரும்பிப் போகணும், கிளம்புறதே லேட்டாகும். சென்னைல ரெண்டு மணி நேர இடைவெளில அடுத்த வண்டி போடுறவங்க எழும்பூர் போய்ச் சேர்றதுக்குள்ள அது போயிருக்கும். ரெண்டு டிக்கெட்டோட பி.என்.ஆரையும் (டிக்கெட் பதிவு எண்) இணைச்சுடுங்க. முதல் வண்டி லேட்டாகி ரெண்டாவதைத் தவறவிட்டா, போகாத தூரத்துக்குப் பணம் பிடித்தம் இல்லாம திரும்பும். பேர் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கணும்.

மயூர் விஹார்
@நெல்லைக்காரன், டிக்கெட் யார் கேட்டா? மாவைப் பத்திப் பேசிட்டிருக்கோம் 🙂

எனக்கு உறுத்துறது கறிவேப்பிலை. இங்க காய்க்காரர் கேக்காமலே பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் பையில போடுவார். கறிவேப்பிலைக்குக் காசு. ஊர்ல அது கொசுறு! அதனாலயே பால்கனில ஒரு செடி வெச்சுடுவாங்க எல்லாரும்.

டிசம்பர்ல இலை மஞ்சளாகிக் கொட்டும். செத்துடுச்சுன்னு நினைச்சு தினம் தண்ணி ஊத்துவாங்க, அதுலதான் வேர் அழுகிச் சாகும். குளிருக்கு அது தூங்குது, அவ்வளவுதான். தண்டை நகத்தால லேசாச் சுரண்டுங்க, உள்ளே பச்சை தெரிஞ்சா உயிர் இருக்கு. மேல் மண் ரெண்டு அங்குலம் காய்ஞ்ச பிறகு கொஞ்சம் தண்ணி போதும். பிப்ரவரி கடைசி வரைக்கும் உரம் வேண்டாம். தெற்கு வெயில் படுற இடத்துல வைங்க, ராத்திரி உள்ளே எடுத்துடுங்க. மார்ச்ல நுனியை வெட்டிவிட்டு ஒரு பிடி மக்கின சாணம் போட்டா துளிர்க்கும்.

துவாரகாவாசி
@முனிர்கா அக்கா, ஊறின தண்ணியிலயே அரைக்கிறது வெயில் காலத்துக்கு ஆகாது. மே மாசம் 45 டிகிரில அப்படிப் பண்ணா அஞ்சு மணி நேரத்துல புளிச்சு வழிஞ்சுடும். அப்போ ஐஸ் தண்ணி.

முனிர்கா அக்கா
மே மாசத்தை இப்ப யார் கேட்டா? முதல்ல இந்த ஜனவரியைத் தாண்டுங்க. சொம்புத் தண்ணியை மட்டும் மறக்காம மாத்துங்க.