குலதெய்வக் கோயில் குடும்பக் குழு: கணக்கு இருக்கும் மடிக்கணினி

வியாழன்

பாண்டியன்: அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் நடக்கும் கும்பாபிஷேகக் கணக்குக் கூட்டத்திற்கு முன்பாகவே வரவு செலவுப் பட்டியலை இங்கே அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் மடிக்கணினியில் சிறிது நேரம் வேலை செய்வதற்குள் திரை நீலமாகி, ஆங்கிலத்தில் ஏதோ காட்டிவிட்டு, தானாகவே அணைந்து மறுபடியும் தொடங்குகிறது. பேருந்து நிலையத்திற்கு அருகிலுள்ள கடையில் காட்டினேன். உள்ளே இருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டு போயிருக்கும் என்றும், முதலில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். நாளைக் காலையில் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

முருகேசன்: அப்படியென்றால் கணக்கு மறுபடியும் தள்ளிப்போகுமா, அண்ணே? கிணறு தூர் வாரிய கணக்கும் இப்படித்தான் பாதியில் நின்றது.

மீனாட்சி: முருகேசா, கிணற்றை இங்கே இழுக்காதே. அப்பா படித்துக்கொண்டிருக்கிறார்.

செல்வராஜ்: மச்சான், தயவுசெய்து கடையில் கொடுக்க வேண்டாம். அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது என்பது நோய் தெரிவதற்கு முன்பே செய்யும் அறுவை சிகிச்சை. அதில் நன்கொடைப் பட்டியல் போனால் திரும்ப வராது. முதலில் மூன்று விவரங்கள் வேண்டும். நீலத் திரையின் அடியில் என்ன எழுதியிருக்கிறது? அதில் ஏதாவது கோப்பின் பெயர் வருகிறதா? இந்தத் தொல்லை எப்போது தொடங்கியது?

கார்த்திக்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

மீனாட்சி: கார்த்திக், குரல் பதிவு அனுப்பாதே. தாத்தாவுக்குக் காது கேட்காது என்பதால்தான் இந்தக் குழுவில் எல்லோரும் எழுதுகிறோம். சொல்ல வந்ததை எழுதி அனுப்பு.

தனலட்சுமி: அண்ணே, நேற்று எடுத்த படம் இது. ‘டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’ என்று இருக்கிறது. அதற்குக் கீழே ‘வாட் ஃபெயில்டு’ என்று போட்டு ஒரு கோப்பின் பெயர் வருகிறது. இன்று காலையிலும் அதே பெயர்தான் வந்தது. பொங்கலுக்குக் கார்த்திக் வந்து உள்ளே ஒரு சின்னக் கார்டை மாற்றிவிட்டுப் போன பிறகுதான் இது தொடங்கியது.

கார்த்திக்: மாமா, நான் மாற்றியது வைஃபை கார்டு. பழைய கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்தான் வேலை செய்தது. தெருவில் எல்லா வீட்டு வைஃபையும் அதே அலைவரிசையில் இருப்பதால் அம்மாவிடம் வீடியோவில் பேசும்போது படம் அடிக்கடி உறைந்துபோனது. அதனால் 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கும் கார்டு ஒன்றை ரிச்சி தெருவில் வாங்கிப் போட்டேன்.

முருகேசன்: ஓடிக்கொண்டிருந்ததை எதற்காகக் கழற்ற வேண்டும்?

செல்வராஜ்: முருகேசன், கார்த்திக் கார்டை மாற்றியதில் தவறில்லை. படத்தில் இருக்கும் பெயர் அந்தக் கார்டின் டிரைவருடைய பெயர். டிரைவர் என்பது கார்டையும் விண்டோஸையும் பேசவைக்கும் மென்பொருள். ரேம் என்னும் தற்காலிக நினைவகம் கெட்டிருந்தால் நீலத் திரையில் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் தொடர்பில்லாத வெவ்வேறு பெயர்கள் வரும். இங்கே ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. கார்டை மாற்றியதும் தொல்லை தொடங்கியதும் ஒரே காலம். எனவே மதர்போர்டை இப்போதைக்கு மறந்துவிட்டு, கார்டிலிருந்தும் அதன் டிரைவரிலிருந்தும் தொடங்குவோம். தனம், இன்று இரவு ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட்டைச் சொடுக்குங்கள். நீல நிறத்தில் ஒரு பட்டியல் வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகப் போனால் எண்களோடு இன்னொரு பட்டியல் வரும். அதில் 4-ஐ அழுத்துங்கள், 5-ஐ அழுத்த வேண்டாம். 4 என்பது மிகத் தேவையானவற்றை மட்டும் ஏற்றும், வலைத்தொடர்பு இல்லாத சேஃப் மோடு என்பதால் வைஃபை டிரைவர் அதில் ஏறாது. அங்கேயும் பென்டிரைவ் வேலை செய்யும். கணக்குக் கோப்புறை முழுவதையும் முதலில் அதில் நகலெடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ராஜேஸ்வரி: ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டிற்கு எத்தனை பேர் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். சமையல்காரர் கேட்கிறார்.

மீனாட்சி: சாப்பாட்டைப் பற்றி நான் தொலைபேசியில் பேசுகிறேன், ராஜி. இது முடியட்டும்.

வெள்ளி

தனலட்சுமி: அண்ணே, நீங்கள் சொன்னபடி 4-ஐ அழுத்தினேன். படங்கள் பெரிதாகவும் பின்னணி கறுப்பாகவும் தெரிந்தன. ஒரு மணி நேரத்திற்கு மேல் ஒரு தடவைகூட அணையவில்லை. கணக்கு முழுவதும் பென்டிரைவில் வந்துவிட்டது.

பாண்டியன்: மனம் நிம்மதியாயிற்று.

முருகேசன்: அந்தப் பென்டிரைவின் நகல் ஒன்று எனக்கும் வேண்டும்.

பாண்டியன்: ஏன், என்னிடம் இருந்தால் போதாதா?

சங்கரலிங்கம்: மாப்பிள்ளைக்கு ஒரு கேள்வி. விரலளவு இருக்கும் ஒரு தகடு பழுதானால் வைஃபை மட்டும்தானே நிற்க வேண்டும்? முழு இயந்திரமும் ஏன் விழுகிறது?

செல்வராஜ்: மாமா, நல்ல கேள்வி. நாம் திறக்கும் எக்செல், உலாவி போன்றவை கோயில் மண்டபத்தில் நிற்கும் பக்தர்களைப் போன்றவை. அங்கே ஒருவருக்கு மயக்கம் வந்தால் அவரை மட்டும் வெளியே அழைத்துப்போகலாம், பூஜை நடந்துகொண்டிருக்கும். டிரைவர் அப்படியில்லை. அது விண்டோஸின் கருவறைக்குள் நின்று வேலை செய்கிறது, நினைவகத்தின் எந்தப் பகுதியையும் தொடும் உரிமை அதற்கு உண்டு. குறுக்கிடக் கூடாத ஒரு நொடியில் அது தொடக் கூடாத முகவரியைத் தொட்டுவிட்டால், கணக்குக் கோப்புகளும் சேர்ந்து கெட்டுவிடக் கூடாதே என்று விண்டோஸ் தானாகவே நடையைச் சாத்திவிடுகிறது. அந்த நீலத் திரை இயந்திரம் வேண்டுமென்றே எடுக்கும் பாதுகாப்பு நடவடிக்கை. தனம் படமெடுத்த வரியும் இதைத்தான் சொல்கிறது.

சங்கரலிங்கம்: புரிந்தது.

கார்த்திக்: மாமா, இந்தக் கார்டு இந்த மடிக்கணினிக்கே பொருந்தாத வகையாக இருக்குமோ? இரண்டு வகை உண்டென்று இப்போதுதான் கேள்விப்பட்டேன்.

செல்வராஜ்: உண்மைதான். 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட இந்த எம்.2 வடிவக் கார்டுகள் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இன்டெலின் ஏஎக்ஸ்210 போன்றவை மதர்போர்டிலுள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற தரவு வழியில் முழுவதும் தாமாகவே இயங்குபவை. ஏஎக்ஸ்211 போன்றவற்றில் வேலையின் பெரும்பகுதி இன்டெல் ப்ராசசர் தொகுதிக்குள்ளேயே நடப்பதால், அந்த வசதியுள்ள மடிக்கணினியில் மட்டும்தான் அவை வேலை செய்யும். பொருந்தாத வகையைப் போட்டிருந்தால் விண்டோஸ் அந்த வைஃபையைக் கண்டுகொண்டே இருக்காது. நம் கார்டு இணைப்பைப் பிடித்து, பேசிக்கொண்டிருக்கும்போது விழுகிறது. ஆகவே வகை சரி. சில அலுவலக மடிக்கணினிகளில் பயாஸ் என்னும் தொடக்க மென்பொருள் தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டவுடன் தொடக்கத்திலேயே பிழை காட்டி நின்றுவிடும். நமக்கு அதுவும் இல்லை. தனம், இனி வழக்கம்போலத் தொடங்குங்கள். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதை விரித்து, வைஃபை என்று இருப்பதை வலச்சொடுக்கி டிசேபிள் செய்துவிட்டுப் பாருங்கள்.

தனலட்சுமி: செய்துவிட்டேன்.

தனலட்சுமி: அண்ணே, மறுபடியும் நீலத் திரை வந்துவிட்டது. கீழே இருக்கும் பெயர் இப்போது வேறு.

முருகேசன்: அத்தான், பெயர் மாறினால் ரேம் என்று நேற்று நீங்கள்தான் எழுதினீர்கள்.

பாண்டியன்: அப்படியென்றால் கடைக்காரர் சொன்னதுதான் சரியோ?

செல்வராஜ்: பொறுங்கள். தனம், விழும்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

தனலட்சுமி: வேறொன்றுமில்லை, அண்ணே. வெள்ளிக்கிழமை என்பதால் பூஜையறையில் இருக்கும் சிறிய ஸ்பீக்கரை இணைத்துப் பக்திப் பாடல் போட்டேன். இரண்டாவது பாட்டு ஓடும்போது விழுந்தது.

செல்வராஜ்: படத்தைப் பார்த்தேன். இரண்டாவது பெயர் புளூடூத் டிரைவருடையது. அந்த ஒரே கார்டில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. வைஃபை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகவும், புளூடூத் யூஎஸ்பி கம்பிகள் வழியாகவும் அதே துளையிலிருந்து மதர்போர்டுக்குப் போகின்றன. வைஃபையை மட்டும் முடக்கினால் பாதிக் கார்டு விழித்துக்கொண்டுதான் இருக்கும். முருகேசன் கேட்டது நியாயமான கேள்வி. இந்த இரண்டு பெயர்களும் ஒரே கார்டின் வாசலில் வந்து நிற்கின்றன, ரேம் கெட்டால் வரும் பெயர்களுக்குள் இப்படி ஓர் உறவு இருக்காது. ஐயம் தீர வேண்டுமென்றால் இரவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். தனம், டிவைஸ் மேனேஜரில் புளூடூத்தையும் டிசேபிள் செய்துவிடுங்கள். இணையத்திற்குக் கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, கைப்பேசியின் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். வைஃபை கார்டு இல்லாமலேயே இணையம் வரும்.

முருகேசன்: ரேமையும் சோதித்துவிடுங்கள். எனக்கு அதுதான் திருப்தி.

சனி

பாண்டியன்: நேற்று மாலையிலிருந்து ஒரு தடவைகூட அணையவில்லை. இரவில் ஓடவிட்ட சோதனையும் ரேமில் குறையில்லை என்று காட்டியது. வரவு செலவுப் பட்டியல் இத்துடன் இருக்கிறது. எல்லோரும் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.

முருகேசன்: பார்த்தேன். கோபுரத்திற்கு வர்ணம் அடித்த கூலி இரண்டு இடங்களில் வருகிறதே?

பாண்டியன்: ஒன்று விமானத்திற்கு, மற்றது முன்மண்டபத்திற்கு. இரண்டு ரசீதுகளும் இருக்கின்றன. நேரில் காட்டுகிறேன்.

மீனாட்சி: ரசீதை நாளை பார்த்துக்கொள்ளலாம். இவர் இன்னும் முடிக்கவில்லை, எழுதிக்கொண்டிருக்கிறார்.

செல்வராஜ்: இனி நிலையான தீர்வு. கார்டு, டிரைவர், கார்டைச் செருகும் துளை ஆகிய மூன்றில் ஒன்றில் குறை இருக்கிறது. விலையில்லாத வேலையிலிருந்து தொடங்க வேண்டும். கார்த்திக், டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் கொடுக்கும்போது டிரைவர் மென்பொருளையும் நீக்கு என்ற கட்டத்தில் குறி போடு. இல்லையென்றால் விண்டோஸ் பழைய கோப்பையே எடுத்து மறுபடியும் போட்டுக்கொள்ளும். பிறகு கார்டைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து வைஃபை, புளூடூத் இரண்டிற்கும் டிரைவரை இறக்கு. பவர் ஆப்ஷன்ஸில் வயர்லெஸ் அடாப்டரை முழுத் திறனில் வைத்து, பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மெண்டை நிறுத்திவிடு. மின்சாரத்தைச் சேமிக்கக் கார்டை உறங்கவைத்து எழுப்பும்போது சில கார்டுகள் எழுவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிறுத்திவிடு. அது இயங்கும்போது ஷட்டவுன் கொடுத்தாலும் டிரைவர்களின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்புவதால், நீ செய்த மாற்றம் பலித்ததா என்று தெரியாது. அதற்குப் பிறகும் விழுந்தால் பழைய கார்டைப் போட்டுப் பார்க்கலாம். அதே துளையில் அது ஒழுங்காக ஓடினால் துளையும் மதர்போர்டும் நலம், புதிய கார்டுதான் குறை. பழைய கார்டு பத்திரமாக இருக்கிறதா?

கார்த்திக்: அம்மாவிடம்தான் கொடுத்தேன்.

முருகேசன்: பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கும்.

தனலட்சுமி: என் தையல் பெட்டியில் பொத்தான் டப்பாவுக்குள் இருக்கிறது. காகிதத்தில் மடித்துத்தான் வைத்தேன். அதோடு கழற்றிய சின்னத் திருகாணியும் இருக்கிறது.

செல்வராஜ்: திருகாணி உங்களிடம் இருந்தால் இப்போது கார்டைப் பிடித்துக்கொண்டிருப்பது எது? கார்த்திக், புதிய கார்டுக்குத் திருகாணி போட்டாயா?

கார்த்திக்: புதிய கார்டோடு வந்ததைப் போட்டேன், மாமா. கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது. இழுத்துப் பார்த்தேன், கார்டு அசையவில்லை.

செல்வராஜ்: அதையும் பார்த்தாக வேண்டும். இந்த வகைக் கார்டு திருகாணியைக் கழற்றியதும் சாய்வாக மேலே எழும்பும் தன்மை உடையது. திருகாணி சரியாகப் பிடிக்காவிட்டால் வெப்பத்திலும் அசைவிலும் தொடுமுனைகள் விட்டு விட்டுத் தொடலாம், அப்போதும் டிரைவர்மேல்தான் பழி விழும். ஆகவே வரிசையைக் கொஞ்சம் மாற்றுகிறேன். மூடியைத் திறந்து கார்டை எடுத்து, தொடுமுனைகளைப் பஞ்சால் துடைத்து, மறுபடியும் செருகி, பொத்தான் டப்பாவில் இருக்கும் திருகாணியைப் போடு. அதற்குப் பிறகு டிரைவர் வேலை.

பாண்டியன்: இவ்வளவும் எதற்கு? பழைய கார்டையே போட்டுவிட்டால் முடிந்தது. வேகம் எனக்குத் தேவையில்லை.

கார்த்திக்: அப்பா, அம்மாவுக்கு வீடியோ மறுபடியும் உறைந்துபோகும். அதற்குப் பதிலாக யூஎஸ்பியில் செருகும் வைஃபை ஒன்று வாங்கிவிடலாம்.

முருகேசன்: அந்தச் செலவு கோயில் கணக்கில் வரக் கூடாது.

மீனாட்சி: யாரும் கோயில் கணக்கில் எழுதப்போவதில்லை, முருகேசா.

முருகேசன்: கணக்கு ஒரே இயந்திரத்தில் இருக்கக் கூடாது என்பதையாவது ஒத்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஒரு நகல் இருக்கட்டும்.

சங்கரலிங்கம்: முருகேசன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பாண்டியன்: கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம், அப்பா.

கார்த்திக்: நான் இன்று இரவுப் பேருந்தில் கிளம்பி விடிவதற்குள் வந்துவிடுகிறேன். கூட்டம் தொடங்குவதற்கு முன் திருகாணியையும் டிரைவரையும் பார்த்துவிடுகிறேன். பழைய கார்டா, யூஎஸ்பியா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம்.

செல்வராஜ்: மூடியைத் திறந்தவுடன் முதல் வேலையாகப் பேட்டரியின் இணைப்பை எடுத்துவிடு, கார்த்திக். கார்டின்மேல் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆன்டெனா கம்பிகள் இருக்கும். எது எந்த முனையில் இருந்தது என்று படம் எடுத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து இழுக்காமல் தலைப்பகுதியை நகத்தால் நேராக மேலே தூக்கு. மறுபடியும் மாட்டும்போது சிறிய சொடக்குச் சத்தம் கேட்க வேண்டும். நானும் அத்தையும் ஒன்பது மணிக்கு வந்துவிடுவோம். நான் வரும்வரை பழைய கார்டைப் போட வேண்டாம்.

ராஜேஸ்வரி: அப்படியென்றால் காலைச் சாப்பாட்டிற்கும் ஆள் கணக்கு வேண்டும்.