ஈஸ்ட் போட்ட பிளம்ஸ் கேக்கின் அடிப்பாகம் களியாகிறது, எங்கே தப்பு?

கும்பகோணத்து மருமகள்:
ஜெர்மனியில் இருக்கும் என் நாத்தனார், பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டு ஒரு பிளம்ஸ் கேக் செய்முறை அனுப்பினார். ஈஸ்ட் மாவைத் தட்டில் பரப்பி, மேலே பழத்தை அடுக்கிச் சுட வேண்டும். கொடைக்கானல் பிளம்ஸ் கடைத்தெருவில் குவிந்து கிடக்கிறதே என்று ஒரு கிலோ வாங்கிச் செய்தேன். இரண்டு தடவை ஆகிவிட்டது, இரண்டு தடவையும் ஒரே கதை. மேலே பார்க்க அழகு, வெட்டினால் அடியில் களி. ஓரம் மட்டும் பன் மாதிரி வெந்திருக்கிறது. புளிப்பு வேறு தாங்கவில்லை. "பழத்தைப் பழமாகவே தின்றிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு மாமியார் காபியோடு நிறுத்திக்கொண்டார்.

மைதா 300 கிராம், பால் 125 மில்லி, முட்டை 1, வெண்ணெய் 50 கிராம், சர்க்கரை 40 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன். 30 லிட்டர் ஓடிஜி (மின்சார அவன்), நடுத்தட்டு, 180 டிகிரியில் 35 நிமிடம்.

தஞ்சாவூர் தம்பி:
அக்கா, கிறிஸ்துமஸுக்கு வருமே அந்த பிளம் கேக்கா?

கும்பகோணத்து மருமகள்:
இல்லை தம்பி. அதில் பிளம்ஸே கிடையாது, உலர்ந்த திராட்சைதான். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் உலர்திராட்சையையும் பிளம் என்றே சொல்வார்களாம், பேர் அப்படியே நின்றுவிட்டது. இது நிஜப் பழம் போட்டது.

திருவையாறு சமையற்கட்டு:
பழத்தில் சர்க்கரையை எப்போது சேர்த்தீர்கள்? மாவு எவ்வளவு நேரம் பொங்கியது? இந்த இரண்டையும் சொல்லுங்கள், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்.

கும்பகோணத்து மருமகள்:
புளிப்பாக இருந்ததால் வெட்டியதும் 100 கிராம் சர்க்கரை பிசறி அரை மணி நேரம் ஊறவிட்டேன். அப்புறம் சாறோடு சேர்த்தே மேலே கொட்டினேன் (வீணாக்க மனசில்லை). மாவு ஒன்றரை மணி நேரம் இருந்தது. லேசாகக் கள்ளு வாடை அடித்தது, ஈஸ்ட் என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன்.

மயிலாடுதுறை பேக்கரிக்காரர்:
உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் பதிலிலேயே இருக்கிறதம்மா. ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காய் மறுநாள் தண்ணீரில் மிதக்கவில்லையா? சர்க்கரையும் அப்படித்தான் நீரை இழுக்கும். அந்தச் சாறு முழுக்க மாவில் இறங்கினால் அடி எப்படி வேகும்? சுட்டு எடுத்த பிறகு, சூடாக இருக்கும்போதே சர்க்கரையும் பட்டைத்தூளும் கலந்து தூவுங்கள். புளிப்பும் அடங்கும்.

மாவு பொங்க ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்தால் அது குளிர்நாட்டு அடுப்படிக் கணக்கு. ஆனி மாதத்தில் நம் ஊரில் 40 நிமிடம் போதும், சில நாள் அதற்கும் முன்னாலேயே இரட்டிப்பாகிவிடும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். கள்ளு வாடை வந்தால் புளித்து எல்லை தாண்டிவிட்டது.

இன்னொன்று. மாவுக்கும் பழத்துக்கும் நடுவே சாதா ரஸ்க்கைப் பொடித்து மூன்று மேசைக்கரண்டி தூவுங்கள். வடியும் சாற்றை அது குடித்துக்கொள்ளும். தட்டை நடுவில் வைக்காமல் அடித்தட்டில் வையுங்கள், மேலும் கீழும் இரண்டு கம்பியும் எரிய வேண்டும். முதல் 15 நிமிடம் 200 டிகிரி, பிறகு 180. ரொட்டிக்கு அடிச்சூடுதான் முக்கியம்.

திருவையாறு சமையற்கட்டு:
ரஸ்க் இல்லையென்றால் வறுத்த ரவை போடலாம். நான் அதுதான் போடுவேன்.

மயிலாடுதுறை பேக்கரிக்காரர்:
போடலாம், மெல்லிசாக. கை தாராளமானால் நடுவில் உப்புமா உட்கார்ந்துவிடும்.

மன்னார்குடி டு மியூனிக்:
அண்ணா சொன்னது எல்லாம் சரி. ஆனால் பழமும் வேறு என்பதை யாரும் சொல்லவில்லையே. இங்கே இந்தக் கேக்குக்குப் போடுவது ட்ஸ்வெட்ஷ்கெ என்ற வகை. நீள்வாட்டமாக, கருநீலமாக இருக்கும், சதை கெட்டி, நீர் குறைவு. பிளந்தால் கொட்டை தானாகக் கழன்று வந்துவிடும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை கிடைக்கும், அந்தச் சமயத்தில் எந்த பேக்கரிக்குப் போனாலும் இந்தக் கேக்தான். எங்கள் பவேரியா மாநிலத்தில் இதை டாட்ச்சி என்பார்கள், ஆக்ஸ்பர்க் நகரத்துக்கு டாட்ச்சிபர்க் என்றே பட்டப்பெயர். கொடைக்கானல் பிளம்ஸ் உருண்டை, சாறு அதிகம், கொட்டை சதையை விடாது. நாத்தனார் வீட்டுப் பாட்டி மேல் குற்றமில்லை, அவர் தன் ஊர்ப் பழத்துக்குத்தானே எழுதியிருப்பார்.

அதனால் நன்றாகக் கனிந்ததை எடுக்காமல், அழுத்தினால் லேசாகவே அமுங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். கொட்டையைத் தோண்டி எடுக்க வேண்டாம், பழம் நசுங்கிச் சாறு கொட்டும். மாங்காய்க் கதுப்பு சீவுவது போல இரண்டு பக்கமும் சீவி, வெட்டிய பக்கம் மேலே பார்க்க, ஓடு வேய்வது போல நெருக்கி அடுக்குங்கள். வெட்டுப்பக்கம் மேலே இருந்தால் ஈரம் ஆவியாகப் போகும்.

கும்பகோணத்து மருமகள்:
கொட்டையோடு ஒட்டிய சதையை என்ன செய்வது?

திருவையாறு சமையற்கட்டு:
வெல்லம், ஒரு சிட்டிகை உப்பு, கடுகு, மிளகாய் தாளித்து மாங்காய்ப் பச்சடி போலவே செய்துவிடுங்கள். நான் கேக்கை விட அதைத்தான் விரும்புவேன், உண்மையைச் சொன்னால்.

தரங்கம்பாடி கடலோரம்:
ஜெர்மன்காரர் சீகன்பால்கு 1706இல் எங்கள் ஊரில் வந்து இறங்கினார். தமிழ் கற்றார், அச்சுக்கூடம் வைத்தார். இந்தக் கேக்கை மட்டும் சொல்லித்தராமல் போய்விட்டார் போல.

கும்பகோணத்து மருமகள்:
மூன்றாவது தடவை, நேற்று. மாவு 35 நிமிடத்திலேயே பொங்கிவிட்டது. ரஸ்க் தூவி, கதுப்பு சீவி, அடித்தட்டில் வைத்தேன். இருபதாவது நிமிடம் கரண்ட் போனது! கதவைத் திறக்காமல் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன், ஏழெட்டு நிமிடத்தில் வந்துவிட்டது. பின்பக்க மூலை கருகல். மற்றபடி அடி நன்றாக வெந்து, தூக்கினால் வளையாமல் நின்றது. சர்க்கரையைக் கடைசியில் தூவியதில் புளிப்பும் இனிப்பும் தனித்தனியாகத் தெரிந்தது. மாமியார் இரண்டாவது துண்டு கேட்டார், பச்சடியையும் விடவில்லை. மிச்சத்தை நாளைக்கு வைக்கலாமா?

மயிலாடுதுறை பேக்கரிக்காரர்:
ராத்திரிக்குள் ஊறிப்போகும், வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் காலையில் தோசைக்கல்லில் சிறு தீயில், மூடாமல், அடியை மட்டும் சூடு காட்டுங்கள்.

கும்பகோணத்து மருமகள்:
இதை எழுதி முடிப்பதற்குள் தட்டு காலி அண்ணா. கருகிய மூலை மட்டும் எனக்கு.