ஜார்ஜ் ரைட் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றது ஏன்?

மாட்டுங்கா வாசகர்:
எங்கள் குடியிருப்பில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளுக்கு வார இறுதிகளில் பேஸ்பாலும் கற்பிக்கிறேன். ஷார்ட்ஸ்டாப் (ஓடுபவர் தொட வேண்டிய பேஸ்களில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே நின்று பந்தைத் தடுப்பவர்) ஜார்ஜ் ரைட்டைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். ஆனால், 1876இல் தொடங்கிய அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான நேஷனல் லீகில் அவருடைய மட்டைக் கணக்கு சாதாரணமாகவே இருக்கிறது. பிறகு எதற்காக 1937இலேயே அவரைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள்?

செம்பூர் தமிழன்:
லீக் தொடங்கியபோது அவருக்கு வயது 29. அவருடைய உச்சம் அதற்கு முந்தியது. அனைவருக்கும் வெளிப்படையாக ஊதியம் தந்த முதல் அணியான சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸில், 1869இல், அணியை நடத்திய அண்ணன் ஹாரிக்கு 1,200 டாலர், தம்பி ஜார்ஜுக்கு 1,400 டாலர். அந்தப் பருவத்தில் 57 ஆட்டங்களில் ஜார்ஜ் 49 ஹோம் ரன்கள் (ஒரே அடியில் எல்லா பேஸ்களையும் சுற்றி வரும் ஓட்டம்) அடித்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு; லீக் ஏடுகளில் அதற்கு இடமில்லை. அவரைத் தேர்ந்தெடுத்ததும் பத்திரிகையாளர் வாக்கு அன்று, தனிக்குழு ஒன்றுதான். ஆகஸ்டில் அவர் மறைந்தார், டிசம்பரில் அறிவிப்பு வந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமே.

ஆசாத் மைதான ரசிகர்:
மட்டையை விட்டுவிட்டு அவருடைய தடுப்பாட்டத்தைச் சொல்லுங்கள். கையுறை இல்லாத காலம் அது. தந்தை நியூயார்க்கின் செயின்ட் ஜார்ஜ் கிளப்பில் தொழில்முறைக் கிரிக்கெட் வீரர். ஜார்ஜும் கிரிக்கெட்டில் வளர்ந்தவர். பேஸ்களை இணைக்கும் கோட்டுக்கு வெகுவாகப் பின்னால் நின்று பந்தைப் பிடித்தார். அவ்வளவு தொலைவிலிருந்து முதல் பேஸுக்கு ஓடுபவரை முந்தி எறிய வல்ல கை இருந்ததால்தான் அது முடிந்தது. நம் மைதானத்தில் கவர் திசை ஆட்டக்காரர் பின்வாங்கி நின்றும் ஒற்றை ஓட்டத்தைத் தடுப்பதைப் போன்றது அது. உயர எழுந்த எளிய பந்தை வேண்டுமென்றே கீழே விட்டு, பந்து பிடிபடும் என்று நினைத்து பேஸில் தயங்கி நிற்கும் ஓட்டக்காரர் இருவரையும் வெளியேற்றும் தந்திரமும் அவருக்குக் கைவந்தது. 1890களில் வந்த இன்ஃபீல்ட் ஃபிளை விதி தடுப்பது இத்தகைய தந்திரத்தைத்தான். பிள்ளைகளை மூன்று பேஸ்களில் நிறுத்தி இதைச் செய்து காட்டினால் உடனே புரிந்துகொள்வார்கள்.

செம்பூர் தமிழன்:
உண்மை. பாஸ்டன் அணியில் ஆறு பட்டங்கள் வென்ற பிறகு, 1879இல் பிராவிடன்ஸ் அணியின் மேலாளராகி, அண்ணன் நடத்திய பாஸ்டனை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிப் பட்டம் வென்றதையும் சேருங்கள். அவர் மேலாளராக இருந்தது அந்த ஒரே பருவம்தான்.